நிக்கான் டி7000, கேனான் 60டி: பழைய எஸ்எல்ஆர் வாங்க நினைப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கேனான் 60டி 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இருபதாம் நாள், செப்டம்பர் 15 அன்று, நிக்கான் டி7000 அறிவிக்கப்பட்டது. ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே வகைப் பயனரை எண்ணி உருவாக்கப்பட்ட இந்த இரண்டு கேமராக்களும் இன்று கைமாறிய பொருளாக மட்டுமே கிடைக்கின்றன. கையில் அளவான பணத்தை வைத்துக்கொண்டு ஒளிப்படக்கலையை முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் பலர், தொடக்கநிலைக் கேமராக்களைத் தாண்டி வந்து, இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். எது நல்ல கேமரா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டையும் நெடுங்காலம் வைத்துப் படமெடுத்த எனக்கு அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்லத் தெரியவில்லை. எந்த லென்ஸ்களைப் பூட்டப் போகிறீர்கள், எடுத்த படத்தைக் கணினியில் எவ்வளவு திருத்தப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், பத்தில் எட்டுப் பேருக்கு உடனே விடை சொல்லிவிட முடிகிறது.

இரண்டும் நடுத்தர அளவுக் கேமராக்கள். தொடக்கநிலைக் கேமராக்களில் ஒரே ஒரு சக்கரம் இருக்கும். இவற்றில் ஷட்டர் வேகத்துக்கும் அபர்ச்சருக்கும் (லென்ஸின் திறப்பு அளவுக்கும்) தனித்தனிச் சக்கரங்கள் உண்டு. மேல்பகுதியில் அமைப்புகளைக் காட்டும் சிறு திரையும் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் கண்ணாடிகளுக்குப் பதில் திண்மையான பட்டகம் இருப்பதால் காட்சி வெளிச்சமாகத் தெரியும். இதே காலத்து நிக்கான் டி300எஸ், கேனான் 7டி ஆகியவை இன்னும் உறுதியானவையே. ஆனால் அவை எடை கூடியவை, 7டி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை மட்டுமே ஏற்பது. ஆகவே அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

## எவற்றைக் கொண்டு அளக்கலாம்

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம்: மெகாபிக்சல். டி7000 தருவது 16.2, 60டி தருவது 18. படத்தின் அகலத்தில் பார்த்தால் ஒன்று 4928 புள்ளிகள், மற்றொன்று 5184 புள்ளிகள்; வேறுபாடு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. பெரிய அச்சுப் படத்தில்கூட இதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது.

அளக்க வேண்டியவை வேறு. நிழல் பகுதியில் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) எவ்வளவு விவரத்தைக் காப்பாற்றுகிறது, ஃபோகஸ் எவ்வளவு நம்பகமானது, எந்த லென்ஸ்கள் முழுமையாக வேலை செய்யும், கையிலும் கண்ணிலும் எப்படி இருக்கிறது, காணொளிக்கு உதவுமா, வாங்கிய பிறகு என்ன செலவு வைக்கும் என்பவையே அவை. இவற்றில் லென்ஸுக்கு நான் மற்றவற்றைவிடக் கூடுதல் எடை கொடுக்கிறேன். கேமராவை ஐந்தாண்டில் மாற்றிவிடலாம், லென்ஸ் இருபதாண்டு கூடவே வரும்.

| கூறு | நிக்கான் டி7000 | கேனான் 60டி |
|---|---|---|
| சென்சார் அளவு | 23.6 × 15.6 மிமீ | 22.3 × 14.9 மிமீ |
| ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன் (நீட்டிப்புடன்) | 100–6400 (25600) | 100–6400 (12800) |
| ஃபோகஸ் புள்ளிகள் | 39, அவற்றில் 9 குறுக்கு வகை | 9, எல்லாமே குறுக்கு வகை |
| தொடர் படப்பிடிப்பு | நொடிக்கு 6 | நொடிக்கு 5.3 |
| வ்யூஃபைண்டர் பரப்பு | ஏறத்தாழ 100% | 96% |
| பின்திரை | 3 அங்குலம், அசையாதது | 3 அங்குலம், மடக்கித் திருப்பலாம் |
| கார்டு இடங்கள் | இரண்டு எஸ்டி | ஒரு எஸ்டி |
| ஷட்டர் சோதனை அளவு (படங்கள்) | 1,50,000 | 1,00,000 |
| முழு எச்டி காணொளி | நொடிக்கு 24 சட்டகம் | நொடிக்கு 24, 25, 30 சட்டகம் |
| பேட்டரி நீங்கலான எடை | 690 கிராம் | 675 கிராம் |

## நிழலில் தெரியும் வேறுபாடு

டி7000இன் பெரிய வலிமை அதன் சென்சார்தான். சோனி தயாரித்த அந்தச் சென்சாரில், ஒளியால் உண்டாகும் மின்குறிப்பு சென்சாரின் உள்ளேயே, ஒவ்வொரு நெடுவரிசையின் முனையிலும், எண்ணாக மாற்றப்பட்டுவிடுகிறது. அக்காலத்துக் கேனான் சென்சார்களில் அந்தக் குறிப்பு சென்சாரைவிட்டு வெளியே பயணம் செய்து, பிறகே எண்ணாக மாறியது. வழியில் சேர்ந்துகொள்ளும் மின் இரைச்சல், குறிப்பு வலுவாக இருக்கும் வெளிச்சப் பகுதிகளில் தெரிவதில்லை. மிக மெல்லிய குறிப்பு மட்டுமே இருக்கும் இருண்ட பகுதிகளில்தான் வெளிப்படுகிறது.

இதன் விளைவை ஒரே ஒரு படத்தில் பார்த்துவிடலாம். சன்னலோரம் ஒருவர் அமர்ந்திருக்கிறார், வெளியே வானம் பளிச்சென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானம் வெளுத்துவிடாமல் காப்பாற்ற வேண்டும் என்றால் முகம் இருண்டுபோகும் அளவுக்கு ஒளிப்பதிவைக் குறைத்தே எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100இல் அப்படி எடுத்த ரா கோப்பை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை) கணினியில் திறந்து நிழலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) உயர்த்தினால், டி7000இன் கோப்பில் சட்டையின் நெசவும் தோலின் நிறமும் ஏறக்குறையப் பழுதில்லாமல் மேலே வரும். 60டியின் கோப்பில் அதே இடத்தில் நிறத் திட்டுகளும், துணியில் இழை இழுத்தாற்போன்ற வரிகளும் தென்படத் தொடங்கும். குறைந்த ஐஎஸ்ஓவில் இந்த இரண்டுக்கும் இடையிலான ஒளி வீச்சு (மிக இருண்டதிலிருந்து மிக வெளிச்சமானது வரை பதியும் எல்லை) வேறுபாட்டை ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் என்று கொள்ளலாம். நிலக்காட்சி எடுப்பவருக்கு இது மிகப் பெரிய தொலைவு.

ஆனால் இந்த மேன்மை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐஎஸ்ஓவைக் கூட்டக் கூட, எண்ணாக மாற்றப்படும் முன்பே குறிப்பு பெருக்கப்பட்டுவிடுவதால், பின்னால் சேரும் இரைச்சலின் பங்கு குறைகிறது. 1600க்கு மேலே போனால் இரண்டு கேமராக்களும் நெருங்கி வந்துவிடுகின்றன. மண்டபத்தினுள் 3200இல் எடுத்து, ஜேபெக் கோப்பாகவே பயன்படுத்துகிறவர் டி7000 வாங்குவதால் பெறும் ஆதாயம் சிறிதே. சரியான ஒளிப்பதிவை எடுக்கும்போதே அமைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவருக்கும் அப்படித்தான்.

ஒளி அளவீட்டில் டி7000க்கு ஒரு குணம் உண்டு. ஃபோகஸ் புள்ளி விழுந்த இடத்துக்கு அது மிகுந்த முக்கியத்துவம் தருவதால், அந்த இடம் இருண்டிருந்தால் மொத்தப் படமும் தேவைக்கு மேல் வெளுத்துவிடும். நான் வெயிலில் எடுக்கும்போது மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து வைத்தே பழகினேன். 60டியின் அளவீடு இந்த விஷயத்தில் நிதானமானது. அதன் ஜேபெக் கோப்புகளில் மனிதத் தோல் இளஞ்சூட்டோடு வருவதும், திருத்த விரும்பாதவர்களுக்கு உண்மையான வசதி.

## ஃபோகஸ்

எண்ணிக்கையைப் பார்த்தால் 39க்கு 9 என்பது ஒப்பிடவே முடியாததுபோல் தோன்றும். அமர்ந்திருக்கும் மனிதரையும் அசையாப் பொருளையும் எடுக்கும்போது இரண்டும் நடைமுறையில் சமமே. 60டியின் ஒன்பது புள்ளிகளும் குறுக்கு வகை (கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் உணர்பவை) என்பதால், ஓரப் புள்ளிகளில் அது நிக்கானைவிடத் திடமாகப் பற்றுகிறது என்றுகூடச் சொல்லலாம். பறவையும் ஓடும் குழந்தையும் சட்டகத்துக்குள் வரும்போதுதான் டி7000 முந்துகிறது. அதன் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒளியை அளக்கும் 2016 புள்ளி வண்ணச் சென்சார் பொருளின் நிறத்தையும் பார்த்துப் பின்தொடர உதவுகிறது.

அதே வேளையில், தொடர்ந்து சுடும்போது டி7000இன் தற்காலிக நினைவகம் விரைவில் நிறைந்துவிடும். 14 பிட் ரா கோப்பாக எடுத்தால் சுமார் பத்துப் படங்களில் அது தடுமாறும். நொடிக்கு ஆறு என்ற வேகத்தில் இது இரண்டு நொடிக்கும் குறைவு. 60டி சற்றே மெதுவாகச் சுட்டாலும் சுமார் பதினாறு ரா படங்கள் வரை தாக்குப்பிடிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஃபோகஸ் நுண்திருத்தம். ஒரு லென்ஸ் ஒரு குறிப்பிட்ட கேமராவோடு சேரும்போது, கூர்மை கண்ணில் விழாமல் மூக்கிலோ காதிலோ விழுவது அரிதன்று. டி7000இல் அந்த லென்ஸுக்கென்று ஒரு திருத்த அளவைப் பதிந்துவைத்துவிடலாம். இதற்கு முந்தைய கேனான் 50டியில் இருந்த இவ்வசதியை 60டியில் நீக்கிவிட்டார்கள்; அதன் வடிவமைப்பில் எனக்கு இன்றும் வருத்தம் தரும் முடிவு இதுதான். எஃப்/1.4, எஃப்/1.8 போன்ற பெரிய திறப்புள்ள லென்ஸ்களில் உருவப்படம் எடுக்க விரும்புகிறவர், 60டியில் லைவ் வ்யூவில், அதாவது வ்யூஃபைண்டருக்குப் பதில் பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும், அல்லது கேமராவையும் லென்ஸையும் சேவை மையத்தில் கொடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

## லென்ஸ்: முடிவைத் தீர்மானிக்கும் இடம்

நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) 1959இல் தொடங்கியது. கேனானின் இஎஃப் மவுண்ட் 1987இல் புதிதாக, முழுக்க மின்தொடர்பை நம்பி உருவாக்கப்பட்டது. இந்த இரண்டு வரலாறுகளும் பழைய கேமரா வாங்குகிறவரை நேரடியாகப் பாதிக்கின்றன.

டி7000இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் ஆகாத, தமக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் இதில் முழுமையாக வேலை செய்யும். 50 மிமீ எஃப்/1.8டி, 85 மிமீ எஃப்/1.8டி, 80–200 மிமீ எஃப்/2.8டி போன்றவை நல்ல கண்ணாடிகள். மோட்டார் இல்லாத கேமரா வைத்திருப்பவர்கள் ஒதுக்குவதால், அவை தரத்துக்குக் குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. இன்னும் பின்னே போனால், 1977இல் தொடங்கிய ஏஐ வகைக் கைமுறை லென்ஸ்களின் விவரத்தைப் பதிந்துவைத்தால், அவற்றோடும் இக்கேமரா ஒளியை அளந்து தரும். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப்போன நிக்கான் லென்ஸ் இருந்தால் இதைவிடப் பொருத்தமான நடுத்தரக் கேமரா குறைவு. 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை மட்டும் பூட்டிவிடாதீர்கள். மவுண்டின் ஓரத்திலுள்ள சிறு நெம்பை அது உடைத்துவிடக்கூடும்.

இந்தப் பக்கம் இவ்வளவு தாராளமாக இருக்கும் டி7000, புதிய பக்கத்தில் கதவைச் சாத்திவிடுகிறது. நிக்கானின் ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் இதில் ஃபோகஸ் ஆகா. குறைந்த விலை அகலக்கோண லென்ஸான 10–20 மிமீ ஏஎஃப்-பி அந்த வகையைச் சேர்ந்தது; அதை நம்பி டி7000 வாங்கியவர் ஏமாந்துபோவார். கேனானில் இந்தக் குழப்பமே கிடையாது. 1987க்குப் பிறகு கேனான் செய்த எந்த இஎஃப் லென்ஸும், 2003க்குப் பிறகு வந்த எந்த இஎஃப்-எஸ் லென்ஸும் 60டியில் ஃபோகஸோடு வேலை செய்யும். 2014இல் வந்த 10–18 மிமீ, அதே ஆண்டின் 24 மிமீ எஃப்/2.8, 2015இன் 50 மிமீ எஃப்/1.8 ஆகிய மூன்று எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) வகை லென்ஸ்களையும் சேர்த்தால், சிறிய செலவில் ஒரு முழுமையான தொகுப்பு அமைந்துவிடும். அதற்கு இணையாகப் புதிய, மலிவான தொகுப்பு ஒன்றை டி7000க்கு அமைப்பது கடினம். ஃபிலிம் காலத்துச் சில சிக்மா லென்ஸ்கள் மட்டும் கேனான் டிஜிட்டல் கேமராக்களில் அபர்ச்சரைச் சுருக்கியதும் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். வாங்கும் முன் எஃப்/8இல் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

வேறு நிறுவனங்களின் பழைய கைமுறை லென்ஸ்களை அடாப்டர் வழியே பூட்ட விரும்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தொலைவு கேனானில் 44 மிமீ, நிக்கானில் 46.5 மிமீ. எம்42 திருகு லென்ஸ்களுக்கு வேண்டிய தொலைவு 45.46 மிமீ. ஆகையால் 60டியில் ஒரு மெல்லிய வளையம் போதும்; டி7000இல் இடையில் ஒரு திருத்தக் கண்ணாடி வைத்தால் ஒழிய எல்லையற்ற தொலைவில் கூர்மை கிடைக்காது. நிக்கான் லென்ஸ்களையே 60டியில் பூட்டிக் கையால் ஃபோகஸ் செய்யலாம் என்பதும், அதன் எதிர்மறை நடவாது என்பதும் இந்த 2.5 மிமீ வேறுபாட்டால்தான்.

பின்னாளில் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராவுக்குப் போவதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். கேனானின் அடாப்டரில் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு அதன் மிரர்லெஸ் வரிசையான ஆர் வரிசைக்கு வந்துவிடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால், டி7000க்காகத் தேடித்தேடிச் சேர்த்த ஏஎஃப்-டி லென்ஸ்கள் இசட் வரிசையில் கைமுறை லென்ஸ்களாகிவிடும்.

## கையிலும் கண்ணிலும்

டி7000இன் மேல்பகுதியும் பின்பகுதியும் மெக்னீசியக் கலவை. 60டி அலுமினியச் சட்டத்தின்மேல் பாலிகார்பனேட் போர்த்தியது. கையில் பிடித்தால் நிக்கான் கெட்டியாகவும், கேனான் மென்மையாக உள்ளங்கையில் அமர்வதாகவும் எனக்குத் தோன்றும். வ்யூஃபைண்டரில் 96 விழுக்காடு மட்டும் தெரிவதால், 60டியில் நீங்கள் பார்க்காத ஒரு மரக்கிளை ஓரத்தில் நுழைந்துவிடலாம். கணினியில் வெட்டிவிடலாம் என்றாலும், சட்டகத்தைக் கவனமாக அமைக்கக் கற்கும்போது பார்ப்பது முழுதாகத் தெரிவது நல்ல பயிற்சி.

இதற்கு ஈடாக 60டியின் மடக்குத் திரை இருக்கிறது. தரையோடு தரையாக ஒரு காளானை எடுக்க வயிற்றில் படுக்க வேண்டியதில்லை. முக்காலியில் வைத்து, லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யும், சிறு பொருள்களை மிக அருகில் எடுக்கும் நுண்படக்காரருக்கு இது கண்டிப்பாக வேண்டிய ஒன்று. லைவ் வ்யூவில் தானியங்கி ஃபோகஸ் இரண்டிலும் மெதுவானது. அதை நம்பி வாங்க வேண்டாம்.

டி7000இன் இரண்டாவது கார்டு இடத்தின் மதிப்பு, ஒரு கார்டு செயலிழந்தவருக்குத்தான் தெரியும். திருமணம்போல் மறுபடி நிகழாத நாளை எடுக்கிறவர் இரண்டிலும் ஒரே படத்தைப் பதிவதே முறை. நேர இடைவெளிவிட்டுத் தானாகப் படமெடுக்கும் வசதியும் இதில் உள்ளேயே இருக்கிறது.

## காணொளி

இங்கே ஒப்பீடு நீளத் தேவையில்லை; 60டியே மேல். முழு எச்டியில் மூன்று வேகங்களும், ஒலி அளவைக் கையால் அமைக்கும் வசதியும், முன்புறம் திருப்பக்கூடிய திரையும் அதில் உண்டு. டி7000இல் லைவ் வ்யூ திறந்திருக்கும்போது அபர்ச்சரை மாற்றினால் அது லென்ஸுக்குப் போய்ச் சேராது. வெளியே வந்து மாற்றிவிட்டு மறுபடி நுழைய வேண்டும். மேஜிக் லாண்டர்ன் என்னும் வெளியார் மென்பொருளை 60டியில் ஏற்றினால் ஃபோகஸ் வழிகாட்டி, நேர இடைவெளிப் படம் போன்றவையும் கிடைக்கும். அது நிறுவனம் ஏற்றுக்கொண்ட மென்பொருள் அன்று என்பதையும் மறக்கக் கூடாது.

## வாங்கிய பிறகு வரும் செலவு

பேட்டரி இரண்டுக்கும் எளிதாகக் கிடைக்கிறது. டி7000இன் இஎன்-இஎல்15 வகையும் 60டியின் எல்பி-இ6 வகையும் பின்னர் வந்த பல கேமராக்களிலும் தொடர்ந்தன. பழைய கேமராவோடு வரும் பேட்டரி பெரும்பாலும் களைத்துப்போயிருக்கும் என்பதால், ஒரு புதிய அசல் பேட்டரியின் விலையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போலிகள் நிறைய உலவுகின்றன.

ஷட்டர் எண்ணிக்கையைப் பார்க்கும் முறையில் இரண்டும் வேறுபடுகின்றன. டி7000இல் எடுத்த ஒரு ஜேபெக் கோப்பு இருந்தாலே அதன் உள்விவரத்திலிருந்து எண்ணிக்கையைப் படித்துவிடலாம். 60டி அதைப் படக்கோப்பில் எழுதுவதில்லை. யூஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளால் கேட்க வேண்டும். நான் 60டி வாங்கியபோது விற்றவர் சொன்ன எண்ணை நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து இணைத்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அட்டவணையில் உள்ள 1,50,000, 1,00,000 என்பவை சோதனை அளவுகளே. அவற்றைத் தாண்டியும் உழைக்கும் கேமராக்கள் உண்டு, முன்பே நின்றுவிடுபவையும் உண்டு. ஷட்டரை மாற்றும் கூலி கேமராவின் விலையையே நெருங்கக்கூடும்.

டி7000இல் கைப்பிடியின் ரப்பர், குறிப்பாகக் கட்டைவிரல் படும் இடத்தில், காலப்போக்கில் உப்பிப் பிரிந்து வரும். சில கேமராக்களில் ஷட்டர் பகுதியின் எண்ணெய்த் துளிகள் சென்சாரில் தெறித்திருக்கும். அதைக் காற்றடித்துப் போக்க முடியாது, ஈரத் துடைப்பான் வேண்டும். 60டியில் கவனிக்க வேண்டியது திரையின் கீலும் அதனுள்ளே ஓடும் பட்டைக் கம்பியும்.

## யாருக்கு எது

நிலக்காட்சி, கட்டடங்கள், எதிர்வெளிச்சம் ஆகியவற்றை ரா கோப்பாக எடுத்துக் கணினியில் பொறுமையாகத் திருத்துகிறவர், வீட்டில் பழைய நிக்கான் லென்ஸ் உள்ளவர், பெரிய திறப்பு லென்ஸில் உருவப்படம் எடுக்க விரும்புகிறவர், ஒரே ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிகளை எடுக்கப் போகிறவர் ஆகியோர் டி7000 வாங்கலாம். இவர்களில் முதல் வகையினருக்கு நான் மறுயோசனையின்றிச் சொல்வேன்.

காணொளியும் வேண்டும் என்பவர், நுண்படமும் தாழ்கோணமும் விரும்புகிறவர், எம்42 போன்ற பழைய லென்ஸ்களோடு விளையாட ஆசைப்படுகிறவர், படத்தைத் திருத்தாமல் அப்படியே பகிர்கிறவர் ஆகியோருக்கு 60டி. கையில் ஒரு லென்ஸும் இல்லாமல் முதல்முறையாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் மிரர்லெஸ்ஸுக்குப் போக எண்ணுகிறவருக்கும், சென்சாரின் குறையை மீறி, 60டியையே பரிந்துரைக்கிறேன். அவர் வாங்கும் ஒவ்வொரு லென்ஸும் அவரோடு முன்னே போகும்.

## கையில் எடுத்துப் பார்க்கும்போது

உங்களுடைய மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். எஃப்/16இல் வெள்ளைச் சுவர் ஒன்றை, ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுத்து, திரையில் பெரிதாக்கிக் கரும்புள்ளிகள் எங்கே குவிந்துள்ளன என்று பாருங்கள். டி7000 என்றால் இரண்டு கார்டு இடங்களிலும் ஒவ்வொரு படம் பதிந்து பாருங்கள். முடிந்தால் ஓர் ஏஎஃப்-டி லென்ஸைப் பூட்டி, மோட்டார் முழுத் தூரமும் ஓடுகிறதா என்று கேளுங்கள். லென்ஸிலேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையில் சோதித்தால் இந்தப் பழுது தெரியவே தெரியாது. 60டி என்றால் லைவ் வ்யூவைத் திறந்துவைத்து, திரையை மெதுவாக எல்லாக் கோணங்களிலும் திருப்புங்கள். ஏதேனும் ஒரு கோணத்தில் காட்சி சிமிட்டினாலோ கோடு விழுந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேமராவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.